வீடுகளுக்குப் பதில் சொன்னவர்

மெஹருன்னிசா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, இந்த ஆண்டு மாணவிகளை அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப்போகும் நாளைக் குறித்துக்கொண்டிருந்தேன். துக்கத்துக்கு முன்னால் பதற்றம்தான் வந்தது. இனி வீடுகளுக்கு யார் பதில் சொல்வது? அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு இது தப்பாகப் படாது.

நான் தாவரவியல் நடத்துகிறேன், அவர் இயற்பியல் நடத்தினார். ராயபுரத்துக்காரர். செடிகொடியில் அக்கறை கிடையாது. எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றையும் பாம்பையும் நினைத்தாலே பயப்படுவார். ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் வந்தார். “காட்டைப் பார்க்க நீ கீற. வூட்டைப் பார்க்க நான் கீறேன்” என்பார். பெண்ணை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு நேரில் போவார். வியாசர்பாடியில் ஒரு தகப்பனார், “கவர்மெண்டே யாரும் வரக்கூடாதுன்னு போர்டு வெச்ச காட்டுக்கு எம்பொண்ணு எதுக்கு மேடம்?” என்றார். “பர்மிஷன் வாங்கிட்டோம். உள்ள சேறு கீது, நண்டு கீது நைனா. பயப்பட வேண்டியது துணி தோய்க்கப்போற உங்க வூட்டம்மாதான்” என்றார் மெஹர். பெண் வந்தாள்.

அந்த முறைதான், ஓடையின் உள்ளே போயிருந்தபோது தண்ணீர் வடிந்து எங்கள் படகு தரைதட்டியது. தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்றார் படகுக்காரர். இருபுறமும் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து நிமிர்ந்து நின்றன. வளைகளிலிருந்து நண்டுகள் வெளியே வந்து ஒற்றைக் கொடுக்கை ஆட்டின. கொஞ்ச தூரத்தில் ஒரு நாரை. நான் காட்ட விரும்பியதெல்லாம் அங்கே இருந்தது. நானோ அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் இறங்கும் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவிகளின் போன்கள் அடிக்கத் தொடங்கின. பஸ் தாமதம் என்று சொல்லிவிடலாம் என்றேன்.

மெஹர் கேட்கவில்லை. போன்களை வாங்கி, படகு தரைதட்டிவிட்டது, தண்ணீர் வந்தால்தான் நகரும், பெண்கள் என் கண் முன்னால் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளதைச் சொன்னார். திட்டும் வாங்கினார். “பொய் சொல்லி இன்னிக்குத் தப்பிச்சுக்கலாம். அடுத்த வாட்டி ஒரு பொண்ணும் வராது” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். பயமா இருக்கா மேடம் என்று ஒருத்தி கேட்டாள். “பின்ன? உனக்கு இல்லியா? அப்ப நீ நண்டைப் பாரு” என்றார்.

இருட்டும் நேரத்தில் கரை சேர்ந்தோம். கோபத்தோடு காத்திருந்தவர்கள் முன்னால் முதலில் போய் நின்றது அவர்தான்.

அவர் எங்கிருந்தோ நம்மைப் பார்க்கிறார் என்றெல்லாம் எனக்கு எழுத வராது. உள்ளதைச் சொல்லும் அந்தப் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். எளிதாக இல்லை. நேற்று காலடிப்பேட்டையில் ஒரு மாணவியின் அம்மாவைப் பார்க்கப் போனேன். மெஹர் மேடமும் இல்லையே, ஒன்றும் ஆகாதே என்று கேட்டார். ஆகாது என்று சொல்லத்தான் வாய் வந்தது.

“தெரியலம்மா. எனக்கும் பயம்தான். கூடவே இருப்பேன்” என்றேன்.

அந்த அம்மா மகளைப் பார்த்தார். பிறகு, காலையில் எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும் என்று கேட்டார்.