அண்ணி கேட்ட வரம்

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் மஞ்சுளாவின் வணக்கம். போச்சம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். அழாமல் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

என் அண்ணன் முனிராஜ் ஓசூரில் லேத் பட்டறையில் இருந்தார். வேலை முடிந்து வந்தால் நெஞ்செரிச்சல் என்பார். மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. சோறு உள்ளே இறங்காமல் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் எண்டோஸ்கோபி செய்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால், வயிற்றில் புற்றுநோய். ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

நான் எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலே கதி என்று கிடந்தேன். ஈரத் துணியோடு சுற்றி வந்தேன். மாவிளக்குப் போட்டேன். "எங்கண்ணனை எழுப்பிக் குடுத்துடும்மா" என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. தை மாதத்தில் அண்ணன் போய்விட்டார். கடைசியில் ஒரு மடக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அதன் பிறகு நான் கோவிலுக்குப் போகவில்லை. கம்பெனி பஸ் அந்த வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சில மாதம் கழித்து அண்ணி ரத்னம்மா வந்தார். தளிப் பக்கத்துக்காரர், பிறந்த வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவர்.

"டாக்டர் அப்பவே சொன்னாரு மஞ்சு. கூடப் பொறந்தவங்களும் ஒருவாட்டி கொழா விட்டுப் பாத்துக்கணும்னு. கெளம்பு."

"எனக்கென்ன அண்ணி, நல்லாத்தானே இருக்கேன்? லேசா நெஞ்செரிச்சல், அவ்ளோதான்."

அண்ணியின் முகம் மாறிவிட்டது. "உங்கண்ணனும் இதேதான் சொன்னாரு. சும்னே பா" என்று கையைப் பிடித்து இழுத்தார். பேசாமல் வா என்று அர்த்தம்.

போகும் வழியில் கோவில் முன்னால் நின்றார். நானும் நின்றேன். எனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அண்ணி கண்ணை மூடியபடி வெகுநேரம் நின்றார்.

குழாய் இறங்கும்போது குமட்டியது, கண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம்தான். சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. எனக்கும் அதே நோய்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து கதறினேன். "அம்மனுக்குக் கண்ணே இல்ல அண்ணி. ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதானே கேட்டேன்?"

"நான் அப்படிக் கேக்கல மஞ்சு" என்றார் அண்ணி. "இருந்தா காட்டிடு தாயே, அவருக்கு மறைச்ச மாதிரி இவளுக்கும் மறைச்சிடாதேன்னு கேட்டேன். காட்டிட்டா."

புருஷனைக் காப்பாற்றித் தராதவளிடமே போய், நாத்தனாருக்காகக் கையேந்தியிருக்கிறார்.

நோய் இன்னும் வயிற்றின் உள்தோலில் மேலாக மட்டுமே இருக்கிறது, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே அதை எடுத்துவிட்டார்கள்.

இன்று என்னால் சாப்பிட முடிகிறது. ஆனால் முதல் வாய்ச் சோறு இறங்கும்போது அண்ணன் ஞாபகம் வந்துவிடுகிறது. டாக்டர் சொன்ன தவணை தவறாமல் மறுபடி எண்டோஸ்கோபி பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் அண்ணிதான் துணை. போன தடவை சுத்தமாக இருக்கிறது என்று சொன்னதும் சிரித்தார். உடனே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அவருக்கும் ஒருவாட்டி முன்னாடியே பாத்திருந்தா..."

இப்போது மறுபடியும் கோவிலுக்குப் போகிறேன். அண்ணனுக்கு ஏன் காட்டவில்லை என்று அம்மனிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் அவளை விட்டு இனி விலக மாட்டேன்.

நீங்களும் அவளை நம்புங்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்த நோயில் போயிருந்தால், நெஞ்செரிச்சல் உங்களை விடாமல் இருந்தால், கும்பிட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நான் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.