சம்பந்தி போட்ட ஓட்டு

கடைசித் தேர்தல் என்று ஊரே சொன்ன தேர்தல் அது. சமயநல்லூர் போகும் வழியில் உள்ள எங்கள் ஊராட்சியை மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சும், தேர்தல் அறிவிப்பும் ஒன்றாகவே வந்தன. நான் அங்கே ஊராட்சி செயலர். ஊர் வாயில் 'கிளார்க்கு'. சாப்பாட்டில் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் யாராவது தண்ணீர் வரவில்லை என்று வந்து நிற்பார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போது, அந்தத் தொல்லைக்கு மனசு ஏங்குகிறது.

தலைவர் பதவிக்கு முதலில் வந்தவர் முத்துக்கருப்பன். பிளாட் போட்டு விற்பவர். மாநகராட்சியில் சேர்ந்தால் ரோடு வரும், நிலம் விலை ஏறும் என்பது அவர் வாதம். எதிர்த்து நிற்க ஆளில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கோ இணைப்பே வேண்டாம். மாநகராட்சி ஆகிவிட்டால் அந்த வேலை கிடையாது. கண்மாய்க்கரையில் டீ குடிக்கும்போது கூடிப் பேசி, ராக்கம்மாளை நிற்க வைத்தார்கள். ஓவர்சியரிடமே நியாயம் கேட்கிற வாய் அவளுக்கு.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ராக்கம்மாளின் மகளைக் கட்டியிருப்பவன் முத்துக்கருப்பன் மகன். இரண்டு பேரும் சம்பந்திகள். மகள் இருக்கும் தெருவுக்கு யார் பிரச்சாரத்துக்கு வந்தாலும் அந்தப் பெண் வாசலில் நின்று மோர் கொடுத்தாள், நோட்டீஸை மட்டும் யாரிடமும் வாங்கவில்லை. பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டுகளை எண்ணி முடித்தபோது முத்துக்கருப்பனுக்கு ஒரே ஒரு ஓட்டு கூடுதல். மறுபடி எண்ணச் சொன்னார்கள். அதே ஒன்று. வெளியே பெண்கள் அழுதார்கள். யாருடி அந்தத் துரோகி என்று ஒருத்தி கேட்டதும், ராக்கம்மாள் முன்னால் வந்தாள்.

"என் ஓட்ட நான் சம்பந்தி அண்ணனுக்குத்தான் போட்டேன். நீங்க என்னைய நிக்கச் சொல்றதுக்கு முன்னாடியே, அவுக வீட்டுக்கு வந்து கேட்டாக. சரின்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு மாத்திக் குத்த முடியுமா?"

அவள் தனக்கே போட்டிருந்தால் அவளே ஜெயித்திருப்பாள். சின்னப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு. "அம்புட்டுப் பேரு சோத்துலயும் மண்ணப் போட்டுட்டியேடி" என்றாள் ஒருத்தி. எனக்கும் ஆத்திரம்தான். மாலையோடு நின்ற முத்துக்கருப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்து வந்த கிராம சபையில் இணைப்புதான் முக்கியப் பொருள். சம்மதம் என்று தீர்மானம் தயார் செய்து வைத்திருந்தேன். தலைவர் விருப்பம் ஊரறிந்ததுதானே. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராக்கம்மாள் பக்கத்தில் யாரும் இல்லை. முத்துக்கருப்பன் எழுந்தார்.

"சேக்கணும்னு சொன்னவன் நான். இப்பவும் என் எண்ணம் அதுதான். ஆனா வேண்டாங்குறவுகதான் இந்த ஊருல ஒரு ஆளு கூடுதல். அந்த ஆளு எனக்குக் குடுத்த வார்த்தைக்காக எனக்குப் போட்டுட்டாக. அத வச்சு இம்புட்டுப் பேரு வேலையப் பறிக்க எனக்கு மனசு வரல. இணைக்க வேண்டாம்னு எழுதுங்க கிளார்க்கு."

நான் எழுதி வைத்திருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ராக்கம்மாள்தான் பேசினாள்.

"சட்டுனு எழுதுங்க கிளார்க்கு, அண்ணன் மனசு மாறுறதுக்குள்ள."

அதன் பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். முத்துக்கருப்பனும் சிரித்தார். முதல் கையெழுத்து அவருடையது. திட்டிய அதே பெண்கள் ராக்கம்மாளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள்.

நான் ஓய்வு பெறும்வரை இணைப்பு உத்தரவு வரவில்லை. கண்மாய்க்கரையில் வேலை நடந்தது. நாளைக்கே உத்தரவு வரலாம், ஒரு ஊரின் தீர்மானம் எம்புட்டு தூரம் தாங்கும் என்று எனக்கும் தெரியாது.

புதிதாக வேலைக்கு வரும் செயலர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஜெயித்தவர் மனசறிந்து தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள், நான் வைத்த மாதிரி. தோற்றவர்களும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.