நான் படிக்காத வலைப்பதிவு

என் வீட்டுக்காரர் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டுகிறவருக்கு அந்த ஆசை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. இணையத்தில் இடம் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கணக்கு தொடங்கி, பதிவு எழுதும் மென்பொருளைத் தானே அதில் ஏற்றி, ஆறு வருஷம் எழுதினார். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது அவர் எழுதியதில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை.

படிக்கத் தெரியாமல் இல்லை. பத்தாவது முடித்திருக்கிறேன். கூச்சம்தான் காரணம். வீட்டில் அதிகம் பேசாத மனிதர், ஊரெல்லாம் படிக்கும்படி என்ன எழுதுகிறாரோ, அதில் நான் எங்கே வருகிறேனோ என்று பயம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதிவைப் போட்டுவிட்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

“இன்னா, படிச்சியா?”

“படிச்சேன். நல்லா கீது.”

“எது நல்லா கீது?”

“எல்லாந்தான். வழிய உடுங்க, குக்கர எறக்கணும்.”

“எங்க மேனேஜர் மாரியே கீற நீ. பாக்காமயே கையெழுத்து போட்ருவாரு.”

சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஒரு நாள் செகண்ட் ஷிஃப்டுக்குப் போனவரை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு லேப்டாப்பைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். கணக்கைப் புதுப்பிக்கச் சொல்லி அவருடைய போனுக்குத் தகவல் வந்தால் மட்டும் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்தில் உள்ள கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் புதுப்பித்துவிட்டு வருவேன். படிக்க மனசு வரவில்லை. ஆனால் படிக்காமல் வைத்திருந்ததே ஒரு தெம்பாக இருந்தது. அவர் என்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு லீவு நாளில் மனசு துணிந்தது. குளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவருடைய பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஏதோ கோளாறு என்று இங்கிலீஷில் ஒரு வரி மட்டும் இருந்தது. இடம் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு சின்னப் பெண்ணின் குரல், நல்ல மரியாதையாகப் பேசியது.

“உங்க சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு மேடம். நாங்க சர்வர் மாத்தினதும் வேலை செய்யாம போயிருக்கு. அதை எடுத்துட்டுப் புதுசா இன்ஸ்டால் பண்ணிடலாம். லேப்டாப் முன்னாடி இருக்கீங்களா?”

“இருக்கேங்க மேடம்.”

“உள்ள இருக்கிறதுக்கு பேக்கப் எடுத்தாச்சா?”

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பல வருஷமாகத் தைக்கிறேன். சூப்பர்வைசர் வந்து “ஆச்சா?” என்று கேட்டால் “ஆச்சு மேடம்” என்பதுதான் பதில். காலர் பாதியில் நிற்கும், நூல் அறுந்து கிடக்கும், இருந்தாலும் ஆச்சு. ஆகவில்லை என்று சொன்னால் பக்கத்திலேயே நின்றுகொள்வார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஆச்சு என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு சுற்று போய் வருவதற்குள் முடித்துவிடுவோம். தையல் வரிசையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான்.

“ஆச்சுங்க மேடம்,” என்றேன்.

பேக்கப் என்ற சொல்லைக் கேட்டிருக்கிறேன். எதை எங்கே எடுக்க வேண்டும் என்று தெரியாது. கேட்டிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

என் வீட்டுக்காரர் நோட்டில் எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே போனேன். அந்தப் பெண் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தினேன். முதலில் பழையதை நீக்கும் பொத்தான். பிறகு புதியதை நிறுவும் பொத்தான். தளத்தின் பெயர் கேட்டது. அவர் வைத்திருந்த பெயரையே எழுத்துப் பிசகாமல் அடித்தேன். ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துபோய் முடிந்தது.

“ஓப்பன் ஆகுதா மேடம்?”

“ஆகுதுங்க. ரொம்ப நன்றிங்க.”

எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டேன். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து படிக்க உட்கார்ந்தேன்.

மேலே அவர் வைத்த பெயர் இருந்தது. கீழே ஒரே ஒரு பதிவு, உலகத்துக்கு வணக்கம் சொல்லி, இங்கிலீஷில். இது உங்கள் முதல் பதிவு, இதை அழித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள் என்று போட்டிருந்தது. அடுத்த பக்கம் எங்கே என்று தேடினேன். அடுத்த பக்கம் இல்லை.

திரும்பப் போன் போட்டேன். அதே பெண்தான் எடுத்தாள்.

“பழசை எடுத்தப்ப பதிவுகளும் போயிருக்கும், பேக்கப்ல இருந்து ஏத்திக்கலாம் மேடம். எங்க சேவ் பண்ணீங்க?”

அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“எடுக்கலைங்க.”

“எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே மேடம்.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தாள். நாங்கள் பணம் கட்டும் திட்டத்துக்கு அவர்கள் நகல் எதுவும் வைத்துக்கொள்வதில்லையாம். சாரி மேடம், சாரி மேடம் என்றாள். நான் அவளிடம் பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

இணையத்தில் அவர் தளத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் சில தலைப்புகள் வந்தன. பட்டாபிராம் ரயில்வே கேட்டைப் பற்றி ஒன்று. கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் ஒன்றரை வரி, அப்புறம் மூன்று புள்ளி. தொட்டால் பக்கம் இல்லை என்று வந்தது. அந்த ஒன்றரை வரிகளை அவர் நோட்டிலேயே எழுதி வைத்தேன். சில நாளில் அவையும் தேடலில் வராமல் போய்விட்டன.

போன வாரம் அவருடைய போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. வேப்பம்பட்டில் ஏசி மெக்கானிக்காக இருப்பவர், பதிவுகளைப் படித்து அவரோடு பழக்கமானவராம்.

“இன்னாண்ணாத்தே, ஒரு மாசமா உன் பழைய பதிவு ஒண்ணும் தொறக்கல?”

அவர் இறந்துபோனதையும் பதிவெல்லாம் அழிந்ததையும் சொன்னேன்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனுக்கு தெரியாது. புச்சா ஒண்ணும் வரலியே, வேலை ஜாஸ்தி போலன்னு நெனச்சேன். பழசயே படிச்சுகினு இருந்தேன். உங்கள பத்திகூட எழுதியிருந்தாரே, நீங்க படிச்சிருப்பீங்க.”

படிச்சேன் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“இல்லப்பா, படிக்கல. இன்னா எழுதியிருந்தாரு?”

அவர் யோசித்தார்.

“கரெக்டா ஞாபகம் வரலக்கா. நீங்க வூட்ல மெஷின்ல தச்சுகினு இருக்க சொல்ல, இவரு பின்னால நின்னு பாத்துகினு இருந்தாராம். அதுக்கப்புறம் இன்னாவோ ஒண்ணு சொல்லுவாரு. அதான் வர மாட்டேங்குது. நல்லா இருந்துச்சுக்கா.”

“கொஞ்சம் யோசிச்சுப் பாருப்பா.”

“போன்ல சேத்து வெச்சிருக்கணும்க்கா. எங்க போயிடப் போவுதுன்னு உட்டுட்டேன்.”

ஞாபகம் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னேன். கண்டிப்பாகக் கூப்பிடுகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் போனை இப்போது வேலைக்கும் எடுத்துக்கொண்டு போகிறேன். இன்னும் கூப்பிடவில்லை.