மச்சான் கொண்டுவந்த கரிமண்

என் அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய பத்திரிகையில் சுற்றிய ஒரு மண்கட்டி கிடக்கிறது. வந்த நாளில் அது கறுத்து ஈரமாக, உள்ளே கண்டல் வேர் நார்நாராகத் தெரிய இருந்தது. என் தாத்தாவின், அதாவது மூத்த சகோதரியின் மாப்பிள்ளை, கடலை ஒட்டிய களப்போரம் இறால் குளம் வெட்டத் தொடங்கிய அன்று, பெக்கோ இயந்திரம் அள்ளிப்போட்டதில் ஒரு கட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். "மச்சான், நீங்க புவியியல் படிப்பிக்கிறவர்தானே. இது நல்ல மண்ணா, கூடாத மண்ணா?"

கேட்கவும் வேண்டுமா எனக்கு! வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? குளிர்நாடுகளில் பனிப்பாறைகள் நகர்ந்து நிலத்தைச் சுரண்டிப் பள்ளமாக்கியதையும், பனி போன பின் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் வடியாமல் தேங்கியதையும், அதில் செத்த பாசி அழுகாமல் அடுக்கடுக்காகப் படிந்து கரிமண்ணானதையும் சொன்னேன். எங்கள் கரைக்குப் பனி வரவில்லை. அது உருகிய தண்ணீர்தான் வந்தது. கடல் ஏறியது. கண்டல் காடு சேற்றுக்குள் புதைந்தது. காற்றுப் படாததால் வேரும் இலையும் அப்படியே கிடந்தன. அந்த அளவோடு வாயை மூடியிருக்கலாம். "பிறகென்ன, உரம் மாதிரி மண். வெட்டி நல்லாக் காயவிடுங்க" என்றேன். உப்புத் தண்ணீரில் உண்டான கரிமண் காற்றுப் பட்டால் அமிலமாகும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை.

மச்சான் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். குளத்தடியை வெடிக்க வெடிக்கக் காயவிட்டார். அள்ளிய மண்ணையே கரையாகக் கட்டினார். முதல் மழை அந்தக் கரையைக் கழுவிக்கொண்டு இறங்கியது. குளத்துத் தண்ணீர் துருப்பிடித்த தகரத்தின் நிறமானது. விடிய நானும் மச்சானும் போனபோது இறால் குஞ்சுகள் ஓரமெல்லாம் செத்து ஒதுங்கியிருந்தன. சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார். அடுத்த முறையும் அதேதான். யா அல்லாஹ், அந்த மனிதர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. "நசீபு" என்று விதியின் மேல் போட்டார், அவ்வளவுதான்.

குளத்துக்காகத் தன் வள்ளத்தை விற்றவர், பிறகு வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்கு மீன்பிடிக்கப் போனார். கச்சான் காற்றடித்த ஒரு நாள் அந்த வள்ளம் திரும்பவில்லை. அடக்குவதற்கு ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை.

போன கிழமை தாத்தா வந்திருந்தார். அலுமாரியில் எதையோ தேடப்போய் இந்தக் கட்டியைக் கண்டுவிட்டார். இப்போது அது வெளுத்து, மேலெல்லாம் மஞ்சள் பூத்திருக்கிறது.

"அந்தக் குளத்து மண்ணா தம்பி?"

"ஓம் தாத்தா."

"படிச்ச நீ பக்கத்திலயே இருந்தாய். வெட்ட முந்தி உன்னிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இப்படி வந்திருக்குமா? அவருக்குத்தான் யாரிட்டயும் கேக்கிற பழக்கமில்லயே" என்று அழுதார்.

மச்சான் சொல்லவேயில்லை. அத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தும், தன் பெண்சாதியிடம் என் பெயரைச் சொல்லவில்லை. நான் கட்டியைத் தாத்தாவின் கையிலிருந்து வாங்கினேன். வாயைத் திறக்காமல் பத்திரிகையில் சுற்றி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.