கடைசி வண்டி

செஞ்சிக் கோட்டை அடிவாரத்து டீக்கடையில்தான் ஆண்டு முடிவில் எங்கள் பைக் கூட்டம் கூடுகிறது. கடைசி வண்டி வந்து சேரும்வரை யாரும் டீயைத் தொடுவதில்லை. பஞ்சரானவன், பெட்ரோல் தீர்ந்தவன் என்று ஒருவரையும் விட்டுவிடாமல் எல்லாருக்கும் பின்னால் ஓட்டி வருபவர் சேகர் அண்ணன். இந்த முறை அந்த இடத்தில் நான். வழியெல்லாம் என் வண்டிக் கண்ணாடியில் வெறும் சாலைதான்.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன். கடைக்கார அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"இன்னா தம்பி, எப்பவும் கடைசியா வருவாரே அந்த அண்ணன், இன்னும் காணோம்?"

"ஆடி மாசம் தவறிட்டாருக்கா. நெஞ்சுவலி."

டீ ஆற்றும் கை அப்படியே நிற்கிறது.

"போன வருசம்கூட நல்லா சிரிச்சிப் பேசினு இருந்தாரே..."

மறுபடி டீயை ஆற்றிக்கொண்டே கேட்கிறார்.

"அப்ப இனிமே கடைசியா யாரு வர்றது?"

"நான்தான்கா."

"சரி, நீதான் வந்துட்டியே" என்று டீயை ஊற்றி வரிசையாக வைக்கிறார். "எடுத்துக்குங்கப்பா, ஆறிடப் போவுது."

யாரும் எடுக்கவில்லை. டீயின் மேல் ஆடை படிகிறது. எல்லாரும் என் தோளைத் தாண்டி, நான் வந்த திண்டிவனம் சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் திரும்பிப் பார்க்கிறேன்.