மாட்டி சொன்ன "யோ"

தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கும் சக பாவிகளே, பம்பு முனகினால் கோளாறைச் சொல்லிவிடலாம். மேலாளர் முனகினால் ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது.

முதல் உரை

காகித ஆலைகளுக்குப் பம்பு செய்யும் எங்கள் புவாண்ட்-கிளேர் தொழிற்சாலைக்குப் பின்லாந்திலிருந்து புதிய மேலாளர் வந்தார். பெயர் மாட்டி. எங்கள் கதி அந்தப் பெயரிலேயே இருந்தது. ஃபிட்டராகத் தொடங்கி, பொறியியல் படித்து, நான்கு நாடுகளில் ஆலை நடத்தியவர். அதில் இரண்டை இழுத்து மூடியவர் என்பதையும் யாரோ நல்ல மனதோடு சொல்லிவைத்தார்கள். அடுத்த பூட்டு பதினொரு பேர் உள்ள எங்கள் பழுதுபார்க்கும் பிரிவுக்குத்தான் என்று பேச்சு.

அறிமுகக் கூட்டத்தில், "நான் மாட்டி. வேலையைத் தொடருங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் மூத்த ஃபிட்டர், யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணன், என் காதில் சொன்னார்: "தம்பி, இந்த மனுசன் கதைக்கிறதுக்கும் ஓவர்டைம் கேக்கும் போலை."

உள்மூச்சு

பொறுக்க முடியாமல் ஒருநாள் மாட்டியிடம் நேராகவே கேட்டேன், எங்கள் பிரிவை வைத்திருப்பீர்களா என்று. ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி அள்ளும் வண்டி ஒரு சுற்று போய்த் திரும்பியது. பிறகு மூச்சை உள்ளே இழுத்து, "யோ" என்றார். என் காதில் அது சுத்தமான "ஐயோ"வாக விழுந்தது. ஆள் அனுதாபமே தெரிவித்துவிட்டார், இனி என்ன இருக்கிறது?

ஓடிப்போய்ச் சிவம் அண்ணனிடம் சொன்னேன். அவர் அந்த வாரமே ஒரு கிடங்கில் வேலை தேடிக்கொண்டு, மாட்டியிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கும் அதே உள்மூச்சு. கண் கலங்கத் திரும்பி வந்தார்: "நல்ல மனுசன், தம்பி. எனக்காக ஐயோ எண்டார்."

அகராதி

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் மாட்டி தன் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பத்து "யோ" வந்திருக்கும், முகம் நிறையச் சிரிப்பு. வீட்டில் ஏதும் துக்கமா என்று விசாரித்தேன். இல்லையே, எங்கள் ஊரில் யோ என்றால் ஆமாம் என்றார்.

அப்படியானால் எங்கள் பிரிவு? "வைத்திருக்கிறேன் என்று அன்றைக்கே சொன்னேனே. நல்ல ஃபிட்டர் ஒருவர் ஏன் போனார் என்றுதான் புரியவில்லை."

திருத்தம்

மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். சிவம் அண்ணனைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி ஜன்னல், மறுபடி மூச்சு, "யோ". அங்கிருந்தே போன் போட்டு, ஆமாம் சொல்லிவிட்டார், கிளம்பி வாங்க என்றேன். அண்ணன் சொன்னார்: "எழுத்திலை வாங்கு, தம்பி. உன்ரை காதை இனி நான் நம்பமாட்டன்."

அன்றிலிருந்து மாட்டி ஒவ்வொரு "யோ"வையும் எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறார். முதல் சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சிவம் அண்ணன் வேலைக்குத் திரும்பினார். பதினொரு பேர் உள்ள பிரிவில் வேலையை இழந்தது என் காது ஒன்றுதான்.