முன்னாள் புருஷனின் பதுங்குகுழி

ஓக்லஹோமாவில் எங்கள் ஊரில் விவாகரத்து ஆனவர்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரே வருடத்தில் ஒன்பது தடவை முன்னாள் புருஷனோடு ஒரே குழிக்குள் இறங்கியவள் நாடீன் ஒருத்திதான்.

நாடீன் பள்ளிக்கூடச் சமையல்காரி. வயது ஐம்பத்தெட்டு. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். அவளுடைய முன்னாள் புருஷன் ராய்ஸ், டிராக்டர் மெக்கானிக். பிரிந்தபோது செங்கல் வீடும் அதன் பின்னால் சுழல்காற்றுக்கு ஒளிய வெட்டிய பதுங்குகுழியும் அவனுக்குப் போயின. சாலைக்கு எதிர்ப்புறக் காலி மனை அவளுக்கு. அதில் ஒரு தகர ட்ரெய்லர் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பதினோரு வருடம் இருவரும் பேசவில்லை.

காற்றுக் காலத்தில் நாடீன் தேவாலயத்தின் நிலவறைக்குப் போய்விடுவாள். அந்த வருடம் மார்ச்சில் வந்த முதல் சுழல்காற்று தேவாலயத்தையே கொண்டுபோய்விட்டது. கோபுரம் அரை மைல் தள்ளி ஒரு பன்றிப் பண்ணையில் தலைகீழாக நின்றது. பக்கத்து மதுக்கடையில் ஒரு பாட்டில்கூட உடையவில்லை.

"இது ஆண்டவர் விட்ட எச்சரிக்கை" என்றார் போதகர்.

"விட்டது சரி, பாஸ்டர். அட்ரஸ் மாறிப் போச்சான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றாள் நாடீன்.

ஏப்ரலில் மறுபடி சைரன் ஊதியது. ஒளிய வேறு இடமில்லை. தலையில் ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு சாலையைக் கடந்து, ராய்ஸின் குழிக் கதவை உதைத்தாள்.

"யாரு?"

"உன் பொண்டாட்டி. தொறய்யா!"

"முன்னாள்னு சேத்துச் சொல்லு."

"முன்னாளோ பின்னாளோ, மண்டையில ஆலங்கட்டி விழுது. தொற!"

உள்ளே முழங்கால்கள் இடிக்க நாற்பது நிமிடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியில் அவள் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பதப்படுத்தி வைத்த பீச் பழ ஜாடிகள் அப்படியே இருந்தன.

"இத இன்னும் திங்கலையா நீ?"

"தைரியம் வரல."

ஏப்ரல் முடிவதற்குள் இன்னும் நான்கு தடவை இறங்கினாள். பள்ளிச் சமையலறைக் கூரை ஒரு புதன்கிழமை பறந்தது. மே மாதத்தில் மூன்று தடவை. அதில் மூன்றாவதுதான் பெரியது.

சாயங்காலம் நாலு மணி. வானம் பாசி படிந்த குளம்போல் பச்சையாக இருந்தது. காது அடைத்தது. குழியின் இரும்புக் கதவு மேலே எழும்பப் பார்த்தது. இருவரும் அதன் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினார்கள்.

"நீ கனமா இருக்கறதுக்கு இன்னைக்குத்தான் சந்தோஷப்படறேன், நாடீன்!" என்று அலறினான் ராய்ஸ்.

"நான் கைய விட்டா நீதான் மொதல்ல பறப்ப. வாய மூடு!"

சத்தம் அடங்கியதும் வெளியே வந்தார்கள். செங்கல் வீடு இல்லை. சிமெண்டுத் தரையும் ஒரு குளியல் தொட்டியும் மட்டும் கிடந்தன. எதிரே நாடீனின் தகர வீடு ஆடாமல் அசையாமல் நின்றது. வாசல்படியில் வைத்த பூந்தொட்டிகூடச் சாயவில்லை.

இப்படி ஒரு நாளுக்காக அவள் பதினோரு வருடம் காத்திருந்தவள். சிரிக்க வாயைத் திறந்தாள். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்த ராய்ஸ், இல்லாத வீட்டின் சாவியைச் சட்டைப் பையில் தேடுவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"எந்திரி. வந்து காப்பி குடி."

"எனக்குச் சக்கர..."

"தெரியும்யா. வா."

அன்று எங்கள் ஊரில் மூன்று பேர் செத்தார்கள். ஒருவர் ராய்ஸோடு பட்டறையில் வேலை பார்த்த டுவேன். அதைப் பற்றி மட்டும் நாடீன் வீட்டில் யாரும் வேடிக்கை பேசியதில்லை.

ராய்ஸ் அவள் சோபாவில் படுத்தான். ஊர் பேசியது. "நாய் வளக்கலாம்னு இருந்தேன். இது வந்துடுச்சு" என்று கடைத்தெருவில் எல்லாருக்கும் பதில் சொன்னாள் நாடீன். ஜூலையில் அவன் மெதுவாகக் கல்யாணப் பேச்சை எடுத்தான்.

"ஒரு தடவ பண்ணிப் பாத்தாச்சு. காத்தே தேவல" என்றாள்.

நவம்பரில் கடைசிக் காற்று வந்தது. குழிக்குள் ஒன்றாகவே இறங்கினார்கள். இந்தத் தடவை அவள் சீட்டுக்கட்டும் கொண்டுபோயிருந்தாள். வெளியே நான்கு கொட்டகைகள் போயின. உள்ளே ராய்ஸ் ஏழு ஆட்டம் தோற்றான்.

அவனுடைய புது வீட்டுக்குச் செப்டம்பரிலேயே சுவர் எழும்பி, அக்டோபரில் கூரையும் போட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்கு நான் பார்க்கப் போனபோதும் அவன் நாடீனின் சோபாவில்தான் கிடந்தான்.

"எப்பய்யா குடி போற?" என்று கேட்டேன்.

"பெயிண்டு இன்னும் காயல" என்றான். உள்ளே நாடீன் இரண்டு தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூன்றாவதை எடுத்தாள்.